நூற்றெட்டு நிஷ், ஒரே பூனை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு மண்டபத்துக்கு முன்னால், இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். பெற்றோல் வரிசை இல்லை, காஸ் வரிசையும் இல்லை. அவையெல்லாம் முடிந்து சில வருடங்களாகிவிட்டன. ஆனால் வரிசையில் நின்று பழகிய சனத்துக்குக் கால் சும்மா இருக்குமா? இது நிஷ் வரிசை.

நிஷ் என்றால் வேறொன்றுமில்லை. இணையத்தில் வியாபாரம் தொடங்குகிறவர் எல்லாவற்றையும் விற்கக் கடை விரிக்கக் கூடாதாம். மீன்தொட்டி, குழந்தைத் தொட்டில், வழுக்கைக்கு எண்ணெய் என்று ஏதாவது ஒரே துறையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். அந்த ஒன்றுதான் நிஷ். அதைத் தேர்ந்தெடுக்க மற்ற ஊர்களில் ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். யாருக்கு என்ன தேவை, எவ்வளவு கொடுப்பார்கள், ஏற்கெனவே எத்தனை பேர் விற்கிறார்கள் என்று அலைந்து விசாரிக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு கோச் பிரதாபன் இல்லை.

டாக்டர் கோச் பிரதாபன். எந்த யூனிவர்சிட்டியில் டாக்டரானார் என்று ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டார். "யூனிவர்சிட்டி இல்லை, யூனிவர்ஸ்!" என்றார் கோச். மண்டபம் கைதட்டியது. கேட்டவரும் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

பிறந்த தேதி, பிறந்த நேரம், போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கம் ஆகிய மூன்றையும் கொடுத்தால், பிரபஞ்சம் உங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் நிஷ்ஷை அவர் கண்டுபிடித்துத் தருவார். எல்லா மதத்துக்கும் அவரிடம் மருந்து இருந்தது. இந்துக்கள் வந்தால் ராகு பார்வை என்பார். கத்தோலிக்கர் வந்தால் பிறந்தநாளுக்குரிய புனிதரின் பெயரைச் சொல்லிக் கண்ணை மூடுவார். முஸ்லிம்கள் தயங்கினால், நானா என்று அண்ணன் முறை கொண்டாடி, "சாத்திரமே இல்லை நானா, சுத்தமான அல்கொரிதம்!" என்பார். அல்கொரிதம் எந்த வேதத்திலும் விலக்கப்படவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஐறீன் இந்த வரிசைக்கு முதன்முதல் வந்தது பெப்ரவரி மாதத்தில். பதினாறு வருடம் கோட்டைப் பகுதியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கிளார்க்காக இருந்தவள். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளின் பத்திரங்களைப் பார்த்து, பிழை பிடித்து, சுங்கத்தில் ஒப்படைப்பது அவள் வேலை. ஒரு சரக்குப் பட்டியலில் எண் மாறியிருந்தால் கண்ணாடி போடாமலே கண்டுபிடிப்பாள். முதலாளி கம்பனியை மூடிவிட்டு மகனோடு மெல்பேர்னுக்குப் போனபோது அவள் கையில் ஒரு நட்டஈட்டுக் காசோலை மிஞ்சியது. மகள் றஷ்மிக்கு செப்டெம்பரில் தாதியர் பயிற்சிக்குக் கட்ட வேண்டிய காசு அதுதான். அதற்குள் அதை இரண்டு மடங்காக்கிவிடலாம் என்று போனுக்குள்ளிருந்து கோச் பிரதாபன் சொன்னார். மஞ்சள் கோட் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு சொன்னார்.

மண்டபத்தின் பின்னறையில் கறுப்புத் திரை. உள்ளே வெல்வெட் விரித்த ஒரு மேசை. அதன்மேல் நூற்றெட்டுக் கட்டங்கள் போட்ட ஒரு பலகை. கட்டத்துக்கு ஒரு நிஷ். கோச்சின் விரலில் ஒரு நூல், நூல் நுனியில் கூம்பு மாதிரி ஒரு பளபளப்பான குண்டு.

"போனை நெஞ்சில வைங்கோ சிஸ்டர். 'நான் தயார்' எண்டு மூண்டு தரம் சொல்லுங்கோ."

ஐறீன் சொன்னாள். குண்டு பலகையின் மேல் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி ஒரு மூலைக்கு ஓடி, ஒரு கட்டத்தின் மேல் நடுங்கி நின்றது.

"செல்லப்பிராணி!" கோச்சின் கண் கலங்கியது. "அதிலும் பூனை. பூனைக்கு நீரூற்று. சிஸ்டர், இது ஆயிரத்தில ஒருத்தருக்குத்தான் விழும்."

"பூனைக்கு... நீரூற்றா?"

"கரண்டில வேலை செய்யிற சின்னத் தொட்டி. தண்ணி பொங்கிக்கொண்டே இருக்கும். பூனை குடிக்கும். உலகம் முழுக்க விக்குது. ஆனா ஒரு நிபந்தனை." கோச் குரலைத் தாழ்த்தினார். "உங்கட நிஷ்ஷ ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. புருஷனுக்கும் கவனம். சொன்னா சக்தி இறங்கிடும். போட்டிக்காரன் களவெடுத்துடுவான்."

சரக்கு எங்கே வாங்குவது என்ற கவலையும் அவளுக்கு வைக்கவில்லை. பிரபஞ்சமே ஒரு சப்ளையரைக் காட்டியிருந்தது. அவர் பக்கத்திலேயே, இரத்மலானையில் இருந்தார். பிரபஞ்சத்துக்கு ஏற்றி இறக்கும் கூலி மிச்சம்.

காசோலைக் காசு முழுவதையும் கட்டிய மூன்றாம் நாள் கறுப்புப் பொலித்தீனில் சுற்றிய பெட்டிகள் லொறியில் வந்து இறங்கின. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் பேர்னாட் வேலை முடிந்து வந்தபோது, முன்னறையில் நடக்க இடமில்லை. சக்தியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த ஐறீன் ஐந்து நிமிடம் வாய் திறக்கவில்லை. ஆறாவது நிமிடம் பேர்னாட் ஒரு பெட்டியைக் கிழித்துவிட்டான்.

"என்ன ஐறீன் இது? கை கழுவுற பேசினா?"

"பூனை தண்ணி குடிக்கிறது."

பேர்னாட் அந்தப் பிளாஸ்ரிக் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்கட லேன் பூனை மீன்கடை வாய்க்கால்ல குடிச்சிட்டு எவ்வளவு கொழுப்பா திரியுது. இதுக்குக் கரண்ட் பில் யார் கட்டுறது? பூனையா?"

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது. பேசாம இருங்க. சக்தி இறங்கிடும்."

பேர்னாட் தொட்டியைக் கீழே வைத்தான். பெட்டிகளுக்கு மேல் ஒரு பெற்ஷீட்டை விரித்து, அதன்மேல் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துச் சாப்பிட்டான்.

ஐறீன் சும்மா இருக்கவில்லை. பேஸ்புக்கில் பக்கம் திறந்தாள். படம் எடுத்தாள். லேன் பூனை ஒன்றைப் பிடித்து நீரூற்றுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அது அவள் கையைக் கீறிவிட்டு ஓடியது. இரண்டு மாதத்தில் விற்றது ஒன்று. கோச்சிடம் முறையிட்டால் பரிகாரம் இருந்தது. அதற்குத் தனிக் கட்டணம். போனை வடகிழக்குப் பார்த்து வைக்க வேண்டும். காலை ஆறு மணி ஆறு நிமிடத்துக்குப் பதிவு போட வேண்டும். புரொபைல் படத்தில் மஞ்சள் உடுத்த வேண்டும். ஐறீன் உடுத்தினாள். மஞ்சள் அவளுக்குப் பொருந்தாது என்று றஷ்மி சொன்னாள். மகளின் முகத்தைப் பார்க்க ஐறீனுக்குக் கூச்சமாக இருந்தது. செப்டெம்பர் பற்றி அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

மே மாதம் அந்த ஒரே விற்பனையும் திரும்பி வந்தது. நுகேகொடை வாடிக்கையாளர் வேண்டாமென்று அனுப்பிவிட்டாராம். அதை எடுக்க ஐறீன் கூரியர் கவுன்டரில் நின்றாள். அவளுக்கு முன்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு நடுத்தர வயது முஸ்லிம் மனிதர் கறுப்புப் பொலித்தீன் சுற்றிய ஒரு பெரிய பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பொலித்தீன் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள், பெட்டியில் அச்சடித்த ஒரு பூனைக் காது.

ஐறீன் அந்தக் காதைப் பார்த்தாள். அவர் அவள் பார்ப்பதைப் பார்த்தார். உடனே பெட்டியை மற்றப் பக்கம் திருப்பினார். திருப்பிய பக்கத்திலும் பொலித்தீன் கிழிந்து, அச்சடித்த எழுத்துகள் தெரிந்தன. பதினாறு வருடம் அதைத்தானே வாசித்தாள்? பெட்டி இலக்கம் நூற்றுப் பதினெட்டு, மொத்தம் அறுநூறு.

அவள் வீட்டில் பெற்ஷீட்டுக்குக் கீழே இருக்கும் கடைசிப் பெட்டி நூற்றுப் பதினேழு.

"நானா," என்றாள் ஐறீன். "வெள்ளவத்தையா?"

அவர் திடுக்கிட்டார். "நான் ஒண்டும் செல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம். எனக்கும் பூனைதான்."

அவர் பெயர் ஸாலிஹ். தெமட்டகொடையில் தையல்காரர்களுக்குப் பொத்தான், நூல், ஊசி விற்கும் கடை. கடை மந்தமானதால் ஒன்லைனுக்கு மாறலாமென்று போனவர். இருவரும் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தார்கள். ஆயிரத்தில் ஒருத்தருக்குத்தான் விழும் என்று அவருக்கும் சொல்லப்பட்டிருந்தது.

"அப்ப நாம ரெண்டாயிரம் பேருக்கு ரெண்டு பேரா இருக்கலாந்தானே?" ஸாலிஹ் இன்னும் நம்பிக்கையை விடவில்லை.

"நானா, இதப் பாருங்க." ஐறீன் பெட்டியின் அடியைக் காட்டினாள். "இது செஞ்ச மாசம். ரெண்டரை வருஷத்துக்கு முந்தி. அறுநூறு பெட்டி ஒரே கப்பல்ல வந்திருக்கு. அந்த நேரம் எனக்கு வேலை இருந்திச்சு. உங்கட கடையும் நல்லா ஓடிச்சு. எங்களுக்கு நிஷ் தேவையில்லாத காலத்திலயே பிரபஞ்சம் எங்களுக்குப் பூனைய ஓடர் பண்ணிட்டுதா?"

ஸாலிஹ் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "விக்காமக் கிடந்த சாமானா?"

"விக்காமக் கிடந்த சாமான். எங்கட தலையில இறக்கிட்டான்."

ஏமாந்தது தெரிந்ததும் ஐறீனுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். ஒரு பத்திரத்தில் ஒரு புள்ளி தவறினால் முதலாளியிடமே சண்டை பிடித்தவள், ஒரு நூலில் ஆடும் குண்டிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கோபம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் வந்தது. வந்த பிறகு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு. மண்டபம் நிறைய ஆட்கள். முன்பக்கம் புதியவர்கள், கையில் வெள்ளைப் பட்டி. பின்பக்கம் பரிகாரத்துக்கு வந்த பழையவர்கள், கையில் மஞ்சள் பட்டி. பழையவர்கள் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. எல்லாரும் தங்கள் இரகசியத்தை மடியில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். கோச் பின்னறையில் ஒரு புதியவரின் விதியை வாசித்துக்கொண்டிருந்தார்.

ஐறீன் மஞ்சள் பட்டிக்காரர்கள் மத்தியில் எழுந்து நின்றாள். கையில் ஒரு கட்டுக் கடதாசித் துண்டுகள்.

"எல்லாருக்கும் ஒரு துண்டுக் கடதாசி தாறேன். பேர் எழுத வேணாம். உங்கட நிஷ்ஷ மட்டும் எழுதி, மடிச்சு இந்த நானாட பைக்குள்ள போடுங்க. பேர் இல்லாட்டி சக்தி இறங்காதுதானே?"

அது நியாயமாகத்தான் பட்டது. கையால் மறைத்து, பக்கத்துக் கதிரைக்காரர் எட்டிப் பார்க்காமல், பரீட்சை எழுதுகிற மாதிரி எழுதினார்கள். ஐம்பத்து மூன்று துண்டுகள். ஸாலிஹ் மேடையில் ஏறி, மைக்கை ஊதிப் பார்த்துவிட்டு, முதல் துண்டைப் பிரித்தார்.

"பூனை நீரூற்று."

பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"பூனை நீரூற்று." அடுத்தது. "பூனை நீரூற்று." அடுத்தது. "பூனைத் தண்ணி மெஷின்." ஸாலிஹ் கண்ணாடியை ஏற்றினார். "எழுத்து மோசம், ஆனா பூனை அதேதான்."

ஐந்தாவது துண்டுக்கு யாரோ சிரித்தார்கள். பத்தாவதுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மெதுவாகத் தன் கையிலிருந்த மஞ்சள் பட்டியைக் கழற்றினார். ஸாலிஹ் வாசித்துக்கொண்டே போனார். நாற்பத்தாறு பூனை. மிச்சம் ஏழும் கழுத்து மசாஜ் மெஷின். பூனை தீர்ந்ததும் பிரபஞ்சம் கழுத்துக்கு மாறியிருக்க வேண்டும்.

திரை விலகியது. கோச் பிரதாபன் வெளியே வந்தார். ஒரு கணம் முகம் வெளுத்தது. மறுகணம் இரண்டு கையையும் விரித்தார்.

"பாத்தீங்களா அற்புதத்த! நாப்பத்தாறு ஆத்மா, ஒரே அலைவரிசை! பிரபஞ்சம் உங்களை ஒரே குடும்பமாக்கியிருக்கு!"

நம்ப மாட்டீர்கள், நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

"குடும்பந்தான்," என்றாள் ஐறீன். "ஒரே சாமான ஒருத்தருக்கொருத்தர் போட்டியா விக்கிற குடும்பம். அதையா நிஷ் எண்டு சொல்றது?"

"சிஸ்டர், உங்களுக்கு நம்பிக்கை குறைஞ்சிட்டுது. பலகை பொய் சொல்லாது. கொண்டு வாங்கோ மேசைய! எல்லார் முன்னாலயும் காட்டுறன்."

வெல்வெட் துணி தரையைத் தொட, மேசை மேடைக்கு வந்தது. கோச் நூலைப் பிடித்தார். குண்டு சுற்றியது, சுழன்றது, ஒரு மூலைக்கு ஓடிக் கழுத்து மசாஜ் மேல் நின்று நடுங்கியது. வெள்ளைப் பட்டிக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"இன்னொருக்கா செய்வமா கோச்?" என்றபடி ஐறீன் மேடையில் ஏறினாள். அவர் பதில் சொல்ல முன், பலகையை இரண்டு கையாலும் பிடித்து, மேசைமேலேயே அரை வட்டம் சுற்றித் திருப்பி வைத்தாள். இப்போது கழுத்து மசாஜ் மேசையின் எதிர்மூலைக்குப் போய்விட்டது. "இப்ப செய்யுங்க. பிரபஞ்சத்துக்குக் கட்டம் எங்க இருக்கெண்டு தெரியும்தானே?"

"இப்பிடித் திருப்பக் கூடாது. திசை மாறினா..."

"செய்யுங்கோ! செய்யுங்கோ!" என்றது மண்டபம். முன்வரிசைதான் அதிகமாகக் கத்தியது. இன்னும் காசு கட்டாதவர்கள் அவர்கள்.

கோச் நூலைப் பிடித்தார். கையை மற்றப் பக்கம் இழுத்துப் பார்த்தார். குண்டு கேட்கவில்லை. பழைய மூலைக்கே ஓடி, அங்கே இப்போது இருந்த கட்டத்தின் மேல் நின்றது. ஸாலிஹ் குனிந்து வாசித்தார்.

"பொம்பிளைகளுக்கான மீசை வெட்டும் கத்தரிக்கோல்."

மண்டபம் வெடித்தது. கோச் பலகையைப் பறிக்கக் கை நீட்டினார். ஸாலிஹ் தன் சேர்ட் பையில் குத்தியிருந்த ஒரு குண்டூசியை எடுத்து அந்த மூலையில் போட்டார். ஊசி துள்ளி எழுந்து நின்றது.

"முப்பது வருஷமா கடையில நெலத்துல விழுற ஊசிய இதாலதான் பொறுக்குறேன்," என்றபடி வெல்வெட்டைத் தூக்கி, மேசையின் அடியில் கையை விட்டார். சர்ர் என்று டேப் கிழிந்தது. வெளியே வந்த கையில் பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய காந்தம், உள்ளங்கையளவு. "இந்தா ஈக்குது ஒங்கட யூனிவர்ஸ்."

கோச் பின்கதவால் இறங்கினார். பின்கதவுக்கு வெளியே ரயில் பாதை. பாணந்துறை ரயில் வந்துகொண்டிருந்ததால் பாதையைக் கடக்க முடியாமல் அங்கேயே நின்றார். பிரபஞ்சம் அந்த ரயிலைப் பற்றி அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நாற்பத்தாறு ஆத்மாக்களும் அவரைச் சுற்றி நின்று, பொலிஸ் வரும்வரை ஒரே அலைவரிசையில் ஏசின.

இரத்மலானைச் சப்ளையர் கோச்சின் மனைவியின் தம்பி என்று பிறகு தெரிய வந்தது. வழக்கு இழுபட்டது. பிரிக்காத பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்குக் கட்டிய காசில் பாதிதான் கிடைத்தது. செப்டெம்பரை றஷ்மி தவறவிட்டாள். அதை ஐறீன் மகளிடம் நேரே சொன்னாள். சாக்குப் போக்குச் சொல்லவில்லை, யூனிவர்ஸைக் குற்றம் சாட்டவும் இல்லை. "அடுத்த பட்ச்ல சேருறேம்மா," என்றாள் பிள்ளை. அது இன்னும் வலித்தது.

அந்த வலியோடு ஐறீன் புறக்கோட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினாள். விற்கப் போகவில்லை, கேட்கப் போனாள். "ஒன்லைன்ல சாமான் எடுக்கிறீங்களே, எதுல கஷ்டப்படுறீங்க?" முதல் நாளே ஒன்பது பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: சரக்கு வருகிறது, சுங்கத்தில் பத்திரம் பிழைத்து நின்றுவிடுகிறது, யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. ஐறீன் நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டாள். சிறு வியாபாரிகளுக்கு வட்ஸ்அப்பிலேயே பத்திரம் பார்த்துத் திருத்திக் கொடுக்கும் வேலையைத் தொடங்கினாள். மஞ்சள் உடுத்தவில்லை. ஆறு மணி ஆறு நிமிடத்துக்கு நன்றாகத் தூங்கினாள். அடுத்த பட்ச்சில் றஷ்மி சேர்ந்தாள்.

ஆட்கள் திருந்தினார்களா என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு பின்னேரம் மூன்று பெண்கள் கொட்டாஞ்சேனைக்குத் தேடி வந்தார்கள். மண்டபத்தில் கோச் மாட்டுப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஒருத்தி கையில் சாதகக் கொப்பி.

"அக்கா, உங்களுக்கு உண்மையான சக்தி இருக்கு. அவன் கள்ளன் எண்டு கண்டுபிடிச்சீங்களே. எங்கட நிஷ்ஷயும் நீங்களே சொல்லுங்கோ."

ஐறீனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூவருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னாள். "உங்கட தெருவில இருபது வீட்டுக் கதவத் தட்டுங்க. என்ன வாங்கக் கஷ்டப்படுறீங்க, எவ்வளவு குடுப்பீங்கண்டு கேளுங்க. திரும்பத் திரும்ப வாற பதில எழுதி வைங்க. அதுதான்."

"இருபது வீடா? சுருக்கமா ஒரு வழி இல்லையா?"

"இருக்கு. யோசிக்கிற வேலைய வேற ஒருத்தன்ட குடுங்க. அவன் சுருக்கமா பணக்காரனாகுவான்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். விளங்கிய மாதிரித் தலையாட்டினார்கள். எழுந்து செருப்பைப் போட்டார்கள். சாதகக் கொப்பிக்காரி மட்டும் வாசலில் நின்று திரும்பினாள்.

"அக்கா, கதவு தட்ட நல்ல நேரம் எது?"

"வீட்டில ஆள் இருக்கிற நேரம்," என்றாள் ஐறீன். "அதையாவது நீங்களே யோசிச்சிருக்கலாம்."